காத்து புடிச்ச வண்டி

மருமகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கிளட்ச் எது, பிரேக் எது என்று ஊரில் பாதிப் பேர் அவளிடம்தான் தெரிந்துகொண்டார்கள். அவளுடைய பயிற்சி வண்டியில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்க வந்தவர் தடுமாறினால் இவள் அதை மிதித்து வண்டியை நிறுத்துவாள். அன்றைக்கு அந்த இருக்கையில் மாமியார் உட்கார்ந்திருந்தாள்.

“காலைத் தள்ளி வச்சுக்குங்க அத்தை. அந்த பிரேக்கைத் தொட்டுடாதீங்க.”

“நான் ஏம்மா தொடப்போறேன்? எனக்கென்ன வேற வேலையில்லையா?”

மாமியாருக்கு ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் புரை முற்றி, மனிதர்களெல்லாம் பழந்துணி போர்த்திய நிழல்களாகத் தெரிந்தார்கள். கல்யாணமாகி வந்த மருமகளின் முகத்தையே அவள் இன்னும் சரியாகப் பார்த்ததில்லை. மலைமேல் இருக்கும் கண் ஆஸ்பத்திரிக்கு வெளியூர் டாக்டர் ஒருவர் வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். சிக்கலான கண்களை அவர் மட்டும்தான் தொடுவார். இன்று மதியத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்த வருஷம்தான். அதுவரை அந்தக் கண் தாங்காது என்று சொல்லியிருந்தார்கள்.

இப்பேர்ப்பட்ட பயணத்துக்கு முந்தின நாள் மருமகள் சும்மா இருந்திருக்கலாம். ரேடியேட்டர் ஹோஸில் லேசாக வெடிப்பு விட்டிருக்கிறது என்று தானே கழற்றிப் புதுசை மாட்டினாள். தன் வண்டியில் இன்னொருவர் கை வைத்தால் அவளுக்குத் தூக்கம் வராது. எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் ஊற்றி, மூடியைத் திருகி, கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

புறப்பட்டதிலிருந்து மாமியாரிடம் ஒரே பல்லவி. “ஏம்மா, என் காலடியில யாரோ வாய் கொப்பளிக்கிறாங்க.”

“ரோட்டுச் சத்தம் அத்தை.”

“ரோடு எங்கேயாச்சும் வாய் கொப்பளிக்குமா?”

ஆபரேஷன் பயத்தில் ஏதோ பேசுகிறாள் என்று மருமகள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கண்ணெல்லாம் வளைவுகளில்தான் இருந்தது. மலையில் பாதி ஏறியிருப்பார்கள், மாமியார் காலை நன்றாக ஊன்றி பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது. மருமகளுக்கு வந்ததே கோபம், சொல்லி மாளாது. திட்ட வாயெடுத்தவள் அப்போதுதான் டாஷ்போர்டைக் கவனித்தாள். சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டில் ஏறியிருந்தது.

வண்டியை ஓரங்கட்டினாள். ஹீட்டர் சூட்டை இழுத்துக்கொண்டால் எஞ்சின் கொஞ்சம் ஆறும் என்று அதை முழுதாகத் திருகினாள். எஞ்சின் கொதிக்கிறது, ஹீட்டரில் வந்ததோ குளுகுளு காற்று. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி பானெட்டைத் தூக்கினாள். எங்கும் ஒழுகவில்லை. பெல்ட் சரியாக இருந்தது, ஃபேனிலும் குறையில்லை. வாடகைக் காருக்குப் போன் போட்டால், மலைக்கு வர மதியம் தாண்டிவிடும் என்றார்கள்.

“அந்தத் தண்ணி மூடியைத் திறந்து பாரேன்,” என்றாள் மாமியார்.

“இப்போ திறந்தா மூஞ்சி வெந்துடும் அத்தை. ஆறணும்.”

“ஆறுற வரைக்கும் டாக்டர் இருப்பாரா?”

மருமகள் சும்மா நிற்க முடியாமல் மறுபடி யோசித்தாள். ஹீட்டர் ஏன் குளிர்ந்திருந்தது?

“அத்தை, அந்தச் சத்தம் எங்கேர்ந்து வந்துச்சு?”

“இப்பவாச்சும் கேட்டியே. இதோ, என் முழங்காலுக்கு முன்னாடி இருக்கிற இந்த டப்பாவுக்குப் பின்னாடி. முதல்ல மெதுவா, அப்புறம் குடத்தைக் கவுத்த மாதிரி. அதான் பிரேக்கை மிதிச்சேன்.”

அந்த டப்பாவுக்குப் பின்னால்தான் ஹீட்டர். எஞ்சினின் வெந்நீர் அது வழியாகவும் சுற்றி வரவேண்டும். மருமகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“காத்து புடிச்சிருக்கு அத்தை.”

மாமியார் முகம் மாறியது. “எந்தக் காத்து? யாரோ இருக்காங்கன்னு நான் அப்பவே சொன்னேன்ல.”

“பேய் இல்ல அத்தை, வெறும் காத்து. நேத்து கூலன்ட் ஊத்தினப்போ உள்ள மாட்டிக்கிச்சு. அதை வெளியேத்தாம மூடிட்டேன், என் புத்தி அப்படி. தண்ணியைச் சுத்தவிடாம நடுவுல உட்கார்ந்திருக்கு.”

“அதைத்தானே நானும் சொல்றேன். விரட்டு.”

சூடு அடங்கியதும் ஈரத்துணியைப் போட்டு மூடியைப் பார்த்துப் பார்த்துத் திறந்தாள். ஏற்றத்தில் நின்ற வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று, காற்று மேலே வரும். ஆனால் எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரைத் தர ஓர் ஆள் வேண்டுமே. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை எடுத்துவிட்டு, மாமியாரை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தாள்.

“அழுத்தி மிதிக்காதீங்க. ஆக்சிலரேட்டர் மேல காலை லேசா வைங்க, போதும். சத்தத்தை மட்டும் கேளுங்க.”

மாமியார் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டாள். மருமகள் ரேடியேட்டர் வாயைப் பார்த்தபடி நின்றாள். பொடிக் குமிழிகள் வந்தன. பிறகு எலுமிச்சம்பழம் பருமனுக்கு ஒன்று வந்து உடைந்தது. கூலன்ட் மட்டம் சர்ரென்று இறங்கியது, டிக்கியிலிருந்த மிச்சக் கேனை எடுத்து ஊற்றினாள். மறுபடி இறங்கியது.

“இன்னும் கொப்பளிக்குது,” என்றாள் மாமியார். “இப்போ கொஞ்சம் கம்மி. இரு, இரு. இன்னும் ஒரு மொடக்கு இருக்கு.”

ஊற்றியது அப்படியே நின்றது.

“அடங்கிடுச்சும்மா. மூஞ்சில சுடச்சுடக் காத்து வருது.”

மருமகள் மேலே இருந்த ஹோஸைத் தொட்டுப் பார்த்தாள், கை சுட்டது. தண்ணீர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. எத்தனையோ தடவை இதே ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றியிருக்கிறாள். மூடியைத் திருகியபின் அது எந்த இருட்டுக்குள் எப்படிப் போய் வருகிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கண் தெரியாதவள் அதன் வழி முழுவதையும் காதாலேயே பார்த்துவிட்டாள். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திருகி, சக்கரக் கல்லை எடுத்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்துவிட்டுப் புது ஜோடி கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். வாசலுக்கு வந்த மாமியார் மலையைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. நேரே வண்டியிடம் போனாள்.

“முதல்ல அதைத் திற. என்கிட்ட பேசினது யாருன்னு பார்க்கணும்.”

பானெட் திறந்தது. மாமியார் ஹோஸ்களைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள். கூலன்ட் தொட்டிக்கு வந்ததும் அசையாமல் நின்றுவிட்டாள்.

“இது என்ன நிறம்மா?”

“பச்சை அத்தை.”

“பச்சை.” தொட்டியின் மேல் விரலை வைத்தாள். “இவ்வளவு பச்சையா இருக்குன்னு நீ சொல்லவே இல்லையே.”

மருமகளும் குனிந்து பார்த்தாள். வெயில் ஊடுருவி, அது இளந்தளிர் மாதிரி பச்சையாக இருந்தது. அவளுக்கே அது புதுசாகத்தான் தெரிந்தது.

மாமியார் திரும்பி அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். கன்னத்திலிருந்த கரியை முந்தானையால் துடைத்தாள்.

“ஊரையே அதட்டுற குரல். நான் ஒரு மலை மாதிரி ஆளை நெனச்சு வச்சிருந்தேன். சின்னப் பொண்ணா இருக்கியேம்மா.”

மருமகள் கதவைத் திறந்துவிட்டாள். மாமியார் ஏறி உட்கார்ந்து, சொல்லாமலே காலைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

“வேணாம் அத்தை,” என்றாள் மருமகள். “கால் பிரேக் மேலயே இருக்கட்டும்.”