முழங்கால் ஆழம்

1

2019 மார்ச் 10, ஞாயிறு மாலை, அயர்லாந்தின் கால்வே மாவட்டத்துக் கில்மோரன் கல்லறைத் தோட்டத்தில், வட்டக் கோபுரத்தின் அடியில் மண்ணோடு ஒரு புல்கட்டி பெயர்க்கப்பட்டது.

இறந்துபோன டியர்னனின் துக்க வீட்டில், இரண்டாவது கோப்பைத் தேநீரோடு எனக்குக் கிடைத்த கதை இது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தொள்ளாயிரம் ஆண்டுகளாகத் தனிமையில் நிற்கும் அந்த...’ அடித்துவிட்டேன். கோபுரம் தனியாக நின்றதே இல்லை. காலடியில் ஊரே படுத்திருக்கிறது.

2

திங்கட்கிழமை புதுக்குழி திறக்கக் கூடாது என்பது அந்த ஊர் நம்பிக்கை. அதனால் ஞாயிறே ஒரு கட்டி புல்லைப் பெயர்த்து, வேலை தொடங்கிவிட்டதாகக் கணக்குக் காட்டுவார்கள். பக்கத்து வீட்டு மலாக்கி அத்தோடு நிறுத்தவில்லை. [அவனைக் குடிகாரனாக எழுதியிருந்தேன், அநியாயம். நண்பனுக்கு நல்ல குழி வேண்டுமென்று தோண்டினான், அவ்வளவுதான்.] முழங்கால் ஆழத்திலேயே கோபுரத்தின் கடைசிக் கல் தெரிந்தது. அதற்குக் கீழே வெறும் களிமண்.

மறுநாள் கோபுரத்தின் பராமரிப்புப் பொறியாளர் ஊனா வந்தாள். மேலே போகப்போக ஒடுங்கும் நூறடிச் சுவர், ஏணி வைத்தால் மட்டுமே எட்டும் வாசல், எல்லாம் இந்த இறுகிய களிமண்ணில்தான் நிற்கின்றன. குழிகள் வெட்டிய பக்கமே கோபுரம் சாய்ந்திருக்கிறது என்றாள்.

“எங்க தாத்தன் தோண்டினப்ப விழாதது, நான் தோண்டினாதான் விழுமா பொண்ணே?” என்றான் மலாக்கி.

“அவங்க ஆளுக்குக் கொஞ்சம் சாய்ச்சிட்டுப் போயிருக்காங்க. மிச்சத்த நீங்க முடிச்சு வைக்கறீங்களா?”

டியர்னனின் மனைவி டெர்வ்லா குழியில் இறங்கிக் கல்லில் கை வைத்தாள். பக்கத்தில் மாமனார், மாமியார் பெயர் வெட்டிய கல். அதில் இன்னும் இருவர் பெயருக்கு இடம் விட்டிருந்தது.

“முழங்கால் ஆழத்துல நின்னுக்கிட்டா இத்தன காலமா எங்கள அண்ணாந்து பாக்க வெச்ச? எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். ஆதாரம் ஒண்ணும் இருக்காது, ஆளு மட்டும் அசைய மாட்டாரு.”

(இங்கே அவளை அழவைக்கப் பார்த்தேன். அவள் கோபுரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.)

3

எரித்த சாம்பலானால் இங்கேயே புதைக்கலாம், புல்கட்டி ஆழமே போதும். இல்லையென்றால் வடக்குச் சுவரோரம் இடமிருக்கிறது என்றாள் ஊனா.

“அவன நெருப்புல போடறதா? தோள் குடுக்க நாங்க இருக்கோம்,” என்றான் மலாக்கி.

“தோள் குடுத்துக் கொண்டுபோய் யார்கூட படுக்க வெப்ப? சுவரோரம் அவருக்கு ஒருத்தரையும் தெரியாதே,” என்றாள் டெர்வ்லா.

அன்றிரவே டெர்வ்லா ஒன்றைத் தேர்ந்தாள். இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் கோபுரம் பிழைக்கிறது. அவள் இழப்பது மட்டும் மாறுகிறது. தேர்வை உங்களிடம் விடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மலாக்கி குழியை மூடி, புல்கட்டியை அதே இடத்தில் வைத்து மிதித்தான். கோபுரம் நகரவில்லை என்று ஊனா அளந்து சொன்னாள்.