இடி விழுந்த மோட்டார்

இன்சூரன்ஸ்காரன் கில்மன் காரைப் புல்லில் கொண்டுபோய் நிறுத்தியதே பெரிலுக்குப் பிடிக்கவில்லை. இறங்கியதும் முதல் வேலையாகக் கொடியில் காயும் துணியைத்தான் பார்த்தான். கிணற்று மோட்டார் செத்துக் கிடக்கிற வீட்டில் ஈரப் போர்வை எங்கிருந்து வந்தது என்று அந்த முழியே கேட்டது. திங்கட்கிழமையானால் துவைத்தே தீரணுமா, சனியனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டு லியோனா குடுக்குற தண்ணி," என்று முந்திக்கொண்டு, புல்லில் கிடந்த பச்சை ரப்பர் குழாயைக் காட்டினாள்.

அமெரிக்காவின் மெய்ன் பக்கம் ஒரு வீட்டுக் கிணறு படுத்தால் அடுத்த வீட்டுக் குழாய் புல்வெளி தாண்டி வந்துவிடும், கேட்கக்கூட வேண்டாம். ஆனால் உறைபனி இறங்கினால் அது விறைத்து வெடிக்கும். அதற்குள் புது மோட்டார் வராவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு பாஸ்டனில் மகள் வீட்டு மூலையில் ஒண்டவேண்டியதுதான்.

"போன வார இடியிலதான் போச்சா?" என்றான் கில்மன்.

"அந்த பைன் மரத்தைப் பாருங்க தம்பி, ரெண்டா பொளந்து நிக்குது," என்றான் அவள் புருஷன் எல்டன்.

மரத்தில் இடி விழுந்தது நிஜம். மோட்டார் கருகியது மட்டும் கோடையில்; கிணறு வறண்டு, வெறுமனே ஓடிக் கருகியது. பிறகு மழை பெய்து கிணறு ஊறியும் அது பிழைக்கவில்லை. இடியில் போனால் காப்பீடு உண்டு, வறட்சியில் போனால் கிடையாது.

"டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் தப்பிச்சிருச்சாக்கும்?"

"தப்பிச்சா அதுவும் குத்தமா?" என்று பெரில் சீறினாள்.

கில்மன் சிரித்தான். வெளியே எடுத்துப்போட்டிருந்த மோட்டாரை முகர்ந்தான், கருகல் வாசம். "சரிங்கம்மா, இடின்னே எழுதிடுறேன்" என்று காரில் ஏறினான். அப்பாடா! பெரிலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கார் பின்னால் நகர்ந்தது.

"தம்பி, இருங்க இருங்க!" எல்டன் ஓடினான். ஊரான் வீட்டுக் குழாய்மேல் வண்டி ஏற விடுவார்களா? குனிந்து இரு கையாலும் அதைத் தூக்கி ஓரமாகப் போட்டான்.

குழாய் கிடந்த இடத்தில் புல் வெள்ளைக்கோடாய் வெளுத்திருந்தது, லியோனா வீடு வரைக்கும்.

கில்மன் இறங்கி வந்து காலால் அந்தப் புல்லைத் தடவினான்.

"ஒரு வாரத்துல புல்லு இப்படி வெளுக்காதேய்யா."

எல்டன் முகம் செத்துப்போயிற்று. "இடி விழுந்தா குடுப்பீங்க, மழை பொய்ச்சா குடுக்கமாட்டீங்க. ரெண்டும் ஒரே வானம்தானே தம்பி?"

"வானத்துக்கு நான் பொறுப்பில்லைங்க."

கார் போயிற்று. எல்டன் குழாயைத் தூக்கி, அந்த வெள்ளைக்கோட்டின் மேலேயே திரும்பக் கிடத்தினான்.

"கார்தானேய்யா? ஏறிட்டுப் போகட்டும்னு விடக்கூடாதா?" என்றாள் பெரில்.

"லியோனா குழாய்டி," என்றான்.

அவள் காயாத போர்வையை உருவிக்கொண்டு பாஸ்டனுக்குப் பெட்டி அடுக்க உள்ளே போனாள்.