வட்டத்துக்குள் இறங்கிய கொடி

கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்லங்களே. பாரிஸ் நகரத்தையே ஒருத்தி நிற்க வைத்த கதை சொல்கிறேன்.

வெற்றி வளைவின் அடியில், பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறையில் நெருப்பு எரிகிறதல்லவா? தினமும் மாலை ஆறரைக்கு ஏதாவதொரு சங்கத்தார் வந்து அதைத் தூண்டிவிடுவார்கள். அன்று முதல் தடவையாகச் சலவைக்காரிகளின் முறை. போர்க்காலத்தில் எதிரியின் கண்ணெதிரிலேயே, மடித்த துணிக்குள் ரகசியச் செய்தி கடத்தியவர்கள். பல வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கிய நாள். மற்றவர்கள் அங்கே போய் நின்றாயிற்று. சங்கத்துக் கொடி மட்டும் அவர்களில் ஒருத்தியான ஒதிலிடம். கொடி வராவிட்டால் அடுத்த சங்கத்தைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மெட்ரோவில் வேலைநிறுத்தம். ஒதில் டாக்சி பிடித்தாள். கொடிக்கம்பில் பாதி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"முனையிலேயே எறக்கிவிடுங்க. வளைவுக்குப் போற சுரங்கப்பாதையில நடந்துக்கறேன்."

"சுரங்கப்பாதையா? அதெல்லாம் டூரிஸ்டுக்கும்மா! கொடியோட வந்திருக்கீங்க, வாசல்லயே எறக்கறேன்," என்றார் டிரைவர் கஸ்தோன்.

ஒதிலுக்கும் அந்த மரியாதை பிடித்துப்போயிற்று. தலையாட்டிவிட்டாள்.

வளைவைச் சுற்றி, பன்னிரண்டு சாலைகள் வந்து விழும் பெரிய வட்டம் இருக்கிறது. வலப்பக்கமிருந்து நுழைகிறவனுக்குத்தான் வழி. உள்ளே சுற்றுகிறவன் நிற்க வேண்டும். நுழைகிறவர்களோ ஓயவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றி, வளைவு கண்ணெதிரே தெரிய, டாக்சி சிக்கிக்கொண்டது.

"வாசல்லயேன்னீங்களே, எந்த வருஷம்?"

"வலதுபக்கத்துக்காரன் விட்டாத்தானேம்மா!"

ஒதில் கதவைத் திறந்தாள். கொடியை உருவி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"ஏம்மா, சாகறதுக்கு வேற எடமே கெடைக்கலையா?" என்று கத்தினான் ஒரு லாரிக்காரன்.

"சாக நேரமில்லப்பா, வழி விடு!"

காற்றில் கொடி விரிந்தது. போரில் செய்தி கடத்திய சலவைக்காரிகளின் சங்கம் என்று அதிலிருந்த தங்க எழுத்துகளை லாரிக்காரன் படித்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு, வண்டியைக் குறுக்கே நிறுத்தினான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக நின்றார்கள். வட்டம் முழுக்க நின்றது.

"வழி விடுங்கய்யா! என் சவாரி போறாங்க!" என்று கூரைமேல் தட்டினார் கஸ்தோன், ஏதோ அவரே செய்த ஏற்பாடு மாதிரி.

வளைவின் அடியில் காத்திருந்த சலவைக்காரிகளில் மூத்தவளான கிழவி எர்மீன் பொரிந்தாள்: "எங்கடி போய்த் தொலைஞ்ச? அடுத்தவங்களக் கூப்பிட வாயத் தொறந்துட்டாங்க!"

"ஊரையே நிறுத்திட்டு வர்றேன். கொஞ்சம் முன்னபின்ன ஆகாதா?"

நெருப்பைத் தூண்டுகிற வாளை எர்மீன் வாங்கினாள். வெந்நீரிலும் சலவைச் சோடாவிலும் வெந்த கை அது. நெருப்பு எழுந்தது. எக்காளம் முழங்கியது. தளபதிகளின் பெயர் செதுக்கிய சுவர்களுக்கு நடுவே சலவைக்காரிகள் தலை நிமிர்ந்து நின்றார்கள். வெளியே வட்டத்திலிருந்த அத்தனை வண்டிகளும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன.

உங்கள் வீட்டில் சோறும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும். உங்கள் பெண்பிள்ளைகளுக்கு எந்த ஊரும் ஒதுங்கி வழிவிடட்டும்.