அண்ணனின் லீவர்

மலைச் சைக்கிளில் பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் இருக்க வேண்டும் என்பது அண்ணனின் கட்சி. இழுத்தால் பிரேக், மேலும் கீழும் தள்ளினால் கியர். கரடுமுரடான இறக்கத்தில் கை குலுங்கினால், பிரேக் பிடிக்கும்போதே கியர் மாறித் தொலைக்கும். இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்கான என் கட்சி. என் பட்டறையில் இதற்காகவே தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம். ஒருவரும் விட்டுக்கொடுத்ததில்லை.

காய்ச்சலில் அவன் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணி அவனுடைய மலைச் சைக்கிளை ஓட்ட ஆரம்பித்தார். நான் முதல் வேலையாக அவன் லீவரைக் கழற்றிக் கடாசிவிட்டு, பிரேக்கையும் கியரையும் தனித்தனியாக மாட்டிக் கொடுத்தேன்.

மறுவாரமே சைக்கிளோடு வந்து நின்றார்.

“பிரேக்கைப் புடிச்சா கியர் தானா மாறுது. நீங்களே பாருங்களேன்.” குறை சொல்லும் குரலாக அது இல்லை.

“வாய்ப்பே இல்ல அண்ணி. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.”

ஸ்டாண்டில் ஏற்றி, பெடலைச் சுற்றியபடி பிரேக்கை லேசாகத் தொட்டேன். டக்கென்று சங்கிலி அடுத்த பல்சக்கரத்துக்குத் தாவியது. கியர் கேபிளையே உருவிப் போட்டுவிட்டுத் தொட்டேன். மறுபடியும் டக். அண்ணனின் வேலைதான் என்று புரிந்துவிட்டது. கோபமும் வந்தது.

“செத்தும் விடமாட்டியா? சரி, நீ சொன்னதுதான் சரி! ஒரே லீவர்தான் நல்லது. போதுமா?”

அதற்குப் பிறகு எத்தனை முறை பிடித்தும் சங்கிலி அசையவில்லை. அப்பாடா என்று நிமிர்ந்தேன். அண்ணியின் முகம் வெளிறிப்போயிருந்தது.

“உங்களை யாரு ஒத்துக்கச் சொன்னது?” என்றார். “இன்னும் கொஞ்ச நாள் சண்டை போட்டிருக்கக் கூடாதா?”