பொறுத்து வாங்கலாம்

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளைத் திட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். டிரைவிங் ஸ்கூலில் என் பெயர் பிரேக் அக்கா. மிதிக்கிறதும் நான்தான், கத்துகிறதும் நான்தான். கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பிய ஒரு வங்கி மேலாளரிடம், அது என்ன தலை வாருவதற்கா வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அவர் கண்ணில் தண்ணீர் வர வைத்திருக்கிறேன். ஒரு பல் டாக்டர் ஓரத்தில் நடந்து வந்த ஆளைக் கவனிக்காமல் போனபோது, நடுவழியில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, கண் பரிசோதனை செய்துகொண்டு வந்தால்தான் இனி சாவி என்று இறக்கிவிட்டேன். முதலாளி கூப்பிட்டு முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற வாய் இது. வீட்டு வாசலில் செருப்போடு அதையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

காரணம் என் மாமனார். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசத் தெரியாது. கைக்குட்டையைக்கூட நான்கு மூலையும் ஒட்ட மடித்துத்தான் பையில் வைப்பார். நான் இந்த வேலைக்குப் போகிறேன் என்றபோது, முன்பின் தெரியாதவர்களோடு நாள் முழுக்கக் காரில் சுற்றுவதா என்று என் வீட்டுக்காரர் உட்பட எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மாமாதான், அவளுக்குப் பிடித்திருக்கிறது, போகட்டும் என்று ஒரே பேச்சில் முடித்தார். அந்தப் பேச்சில்தான் இன்றுவரை என் பிழைப்பு ஓடுகிறது.

ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு ஹைப்ரிட் கார் மீது ஆசை. பெட்ரோலும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கிற வண்டி, பாதி நேரம் சத்தமே இருக்காதாம் என்று குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார். ஒரே ஒரு சிக்கல். அதே வண்டியை அடியோடு மாற்றிப் புது வடிவத்தில் கொண்டுவரப் போவதாகப் பேச்சு அடிபட்டது. பேட்டரியை இருக்கைக்கு அடியில் தள்ளி டிக்கியைப் பெரிதாக்கியிருக்கிறார்களாம், முன்பக்கமே வேறு முகமாம். இப்போதே வாங்கிவிடுவதா, புதுசு வரும்வரை பொறுப்பதா? வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. இருக்கிற மாடல் அடிபட்டுத் தேறிய மாடல், புதுசில் என்னென்ன கோளாறு வருமோ, உடனே வாங்கு என்றார் என் வீட்டுக்காரர். புதுசு வந்த மறுநாளே இது பழைய இரும்பு, பொறு என்றார் கொழுந்தனார். அண்ணனும் தம்பியும் போனில் கத்தி ஓய்ந்த பிறகு மாமா சொன்னார்:

"எதுக்குடா அடிச்சுக்கறீங்க? தொழில் தெரிஞ்சவ வீட்டுலயே இருக்கா. கூட வந்து பாத்துட்டு அவ என்ன சொல்றாளோ, அதான்."

சனிக்கிழமை காலையில் ஷோரூமுக்குப் போனோம். மாமா ஓட்டினார், நான் பக்கத்தில், விற்பனைக்காரர் பின்னால். மாமா பொத்தானை அழுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார். அப்போதும் இல்லை. முதல் தடவையே வண்டி தயாராகிவிட்டது, இரண்டாவது தடவை சார்தான் அதை அணைத்துவிட்டார் என்று விற்பனைக்காரர் பவ்வியமாகச் சொன்னார். மூன்று பேரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு அடுத்த சந்திப்போடு போயிற்று. இடது பக்கத் தெருவிலிருந்து ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. நான் வெகு முன்பாகவே பார்த்துவிட்டேன். மாமாவும் பார்த்திருப்பார், இதோ வேகத்தைக் குறைப்பார் என்று இருந்தேன். குறைக்கவில்லை. ஸ்கூல் வண்டியில் எங்கள் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அந்த ஞாபகத்தில் என் கால் வெறும் மிதியடியை ஓங்கி மிதித்தது. அதற்குள் வண்டியே அலறி, தானாகப் பிரேக் போட்டு நின்றது. சைக்கிள்காரன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

"எங்கேருந்து வந்தான் அவன்?" என்றார் மாமா. நிஜமாகவே கேட்டார்.

"பாத்தீங்களா சார், நீங்க பாக்கலன்னாலும் வண்டி பாத்துக்கும்," என்றார் விற்பனைக்காரர் பெருமையாக.

அதற்குப் பிறகு நான் சாலையைப் பார்க்கவில்லை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாமாவைத்தான் பார்த்தேன். இடது பக்கம் ஒரு வேன் கதவு திறந்தது, அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. நடைபாதையிலிருந்து ஒரு பெண் தள்ளுவண்டியோடு இறங்கினாள், வண்டியின் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு மின்னிய பிறகுதான் தலையைத் திருப்பினார். வலது பக்கம் மட்டும் துல்லியமாக இருந்தது. கவனக் குறைவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் அதோடுதான் குடித்தனம். இது அது இல்லை. அந்தப் பக்கம் அவருக்குத் தெரியவே இல்லை.

ஷோரூமில் மாமா கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். விற்பனைக்காரரும் பார்த்தார். அந்தப் பல் டாக்டராக இருந்திருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்பேன். இவரிடம் எப்படி? விற்பனைக்காரர் எதிரில், உங்களுக்குக் கண் தெரியவில்லை, இனி ஓட்டாதீர்கள் என்று எந்த மருமகள் சொல்வாள்? வந்த வார்த்தையை மென்று விழுங்கினேன்.

"அவசரம் என்ன மாமா? புது மாடல் வரட்டும். பொறுத்து வாங்கலாம்."

அவர் முகம் கொஞ்சம் வாடியது, உடனே தெளிந்தது. "நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்," என்று எழுந்துவிட்டார். திரும்பி வரும்போது எனக்குப் பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு. பொய்யும் சொல்லவில்லை, மனசையும் நோகடிக்கவில்லை. புதுசு வருவதற்குள் அவருக்கே ஆசை தீர்ந்துவிடும், இல்லையென்றால் மூக்குக்கண்ணாடி மாற்றப் போகும்போது வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மாமா வழக்கம்போல் பழைய காரை எடுத்துக்கொண்டு, என் மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் பின்னாலிருந்து கையாட்டினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் தடுத்தது வாங்குவதை. ஓட்டுவதை யார் தடுத்தார்கள்? புது வண்டியிலாவது அலறுகிற மணி இருந்தது, மஞ்சள் விளக்கு இருந்தது, தானாக நிற்கிற பிரேக் இருந்தது. அதை வாங்கவிடாமல் செய்து, ஒன்றுமே இல்லாத பழைய வண்டியில் அவரை உட்கார வைத்தவள் நான். அவர்கள் திரும்பி வரும்வரை அடுப்படியில் எதையோ கழுவிக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதில் மாதக்கணக்கில் என்னென்னவோ செய்தேன். ஸ்கூலில் நேரத்தை மாற்றிக்கொண்டு மகளை நானே கூட்டிப் போனேன். எனக்குக் கார் வேண்டும் என்று சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் சமாளிக்க முடியாமல் போகும், அந்த நாட்களில் அவர்தான் ஓட்டுவார். சாப்பாட்டு மேஜையில் அவருக்கு இடது பக்கம் வைத்த தம்ளரைத் தட்டிவிடுவார், அதனால் எல்லாவற்றையும் வலது பக்கம் வைக்க ஆரம்பித்தேன். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு, இந்த வீடு குறுகிக்கொண்டே வருகிறது என்று தமாஷ் பண்ணுவார். நானும் சிரித்து வைப்பேன். என் வீட்டுக்காரரிடம் ஒருமுறை பேச்சைத் தொடங்கினேன். ஊரில் இருக்கிற எல்லோரும் உனக்கு மாணவர்களாகத்தான் தெரிகிறார்கள் என்றார். அதையே சாக்காக வைத்துக்கொண்டு நிறுத்திவிட்டேன்.

மாமாவோ, பொறுப்பதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டுவிட்டார். புது மாடலின் நீள அகலத்தைத் தெரிந்துகொண்டு, டேப்பைப் பிடித்து வண்டி நிறுத்தும் இடத்தை அளந்தார். சாம்பல் நிறமா வெள்ளையா என்று பேத்தியிடம் யோசனை கேட்டார். யாராவது இன்னும் வாங்கவில்லையா என்றால், மருமகள் பொறுக்கச் சொல்லியிருக்கிறாள் என்று பெருமையாகச் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசும். புது மாடல் வரத் தாமதமாகும் என்று ஷோரூமிலிருந்து போன் வந்த அன்று அவர் சோர்ந்துபோனார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதைவிட வெட்கக்கேடு என் வாழ்க்கையில் வேறு இல்லை.

போன வாரம் எனக்கு ஒரு மாணவரின் லைசென்ஸ் தேர்வு இழுத்துவிட்டது. மாமாதான் நீச்சல் வகுப்புக்குப் போனார். நான் வீடு வந்தபோது கார் வாசலில் நின்றது. இடது பக்கக் கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு ஒயர் தொங்கியது. கதவு முழுக்க நீளமாக ஒரு கிழிசல். மகள் ஈரத் தலையோடு சோபாவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அவளைத் தூக்கி முதுகு, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நின்றிருந்த லாரியில் தாத்தா உரசிவிட்டார் என்றாள். அவள் உட்கார்ந்திருந்ததும் அந்தப் பக்கம்தான்.

மாமா உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். "அவ்ளோ பெரிய லாரிம்மா. எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்றார்.

நான் சொன்னேன். இடது பக்கம் அவருக்குத் தெரியவில்லை என்று, கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று, ஸ்கூலில் சொல்கிற அதே குரலில் சொன்னேன். அவர் வாதாடவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இவ்வளவுதான் விஷயம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கண் மருத்துவமனையில் அவர் கண்களில் மருந்து விட்டார்கள், கருவிகளில் பார்த்தார்கள். கடைசியில் ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கிற புள்ளியையே பார்க்க வேண்டும், ஓரத்தில் எங்கே வெளிச்சம் தெரிந்தாலும் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். நான் அறையின் மூலையில் உட்கார்ந்து அந்தப் பொத்தான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டக், டக் என்று வரும். பிறகு நெடுநேரம் வராது. அழுத்துங்கள் மாமா, அழுத்துங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது என்றார். இடது கண்ணில் ஓரப் பார்வை அநேகமாக முழுவதும் போய்விட்டது. வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், போனது திரும்பாது, இனி வண்டி ஓட்டவே கூடாது. மாமா தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"வலி இல்லாம வர்றதால யாருக்கும் தெரியறதில்ல. கொஞ்ச மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா வலது கண்ணையாவது தொடாம நிறுத்திப் பாத்திருக்கலாம்," என்றார் டாக்டரம்மா. "முதல்ல எப்பக் கவனிச்சீங்க?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"போன வாரம்தான் டாக்டர். எங்க மருமகதான் கண்டுபிடிச்சா. டிரைவிங் சொல்லிக் குடுக்கறவ, அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது."

நல்ல மருமகள் என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன். வாங்கிக்கொண்டேன் அந்தப் பட்டத்தை.

மருந்து வாங்கிக்கொண்டு மாடி நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். மாமா கொழுந்தனாரை போனில் கூப்பிட்டார். மருமகளால்தான் பாதியாவது தப்பியது என்றார். பொறுத்து வாங்கலாம் என்று அவள் சொன்னதுகூட எவ்வளவு நல்லதாகப் போயிற்று பார், இல்லையென்றால் வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன் என்று சிரிக்கவும் செய்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவர் போனை வைத்ததும் சொல்லிவிட்டேன். நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் முகம் அவருக்குத் தெரியாது என்கிற தைரியம்தான்.

"மாமா, எனக்கு அன்னிக்கே தெரியும்."

"என்னிக்கு?"

"ஷோரூம்லேருந்து வண்டிய எடுத்துட்டுப் போனோமே, அன்னிக்கு. புது மாடலுக்காகப் பொறுக்கச் சொல்லல மாமா. உங்களுக்கு இந்தப் பக்கம் தெரியலன்னு சொல்ல வாய் வரல."

அவர் உடம்பையே திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார். மருந்து விட்டதில் விழிகள் கன்னங்கரேலென்று அகன்றிருந்தன. என்னை எவ்வளவு பார்த்தாரோ தெரியாது.

"ஏம்மா?"

"மரியாதைதான் மாமா."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று எனக்கே புரிந்தது. அவர் மருந்து வாங்கிய காகிதப் பையை மடியில் வைத்து, அதன் வாயை மடித்து, இன்னொரு தடவை மடித்தார்.

"அந்த மரியாதையக் காட்ட என் கண்ணுதானாம்மா கெடச்சுது?"

குரல் உயரவே இல்லை. இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கடிந்து பேசியது அது ஒன்றுதான். அவர் எழுந்து தானாகவே படிக்கட்டுப் பக்கம் நடந்தார். நான் ஓடினேன். மருந்தின் மங்கலில் அவருக்கு எது தரை, எது படி என்று புரியவில்லை. ஒரு காலை நீட்டித் துழாவிக்கொண்டு நின்றார். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் என் கை மட்டும்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பிடிக்காமலே நின்றார், பிறகு பிடித்தார்.

படி மாமா, இன்னொரு படி என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். திருப்பத்தில் ஒரு படியைச் சொல்லத் தாமதித்துவிட்டேன். அவர் தடுமாறிச் சுவரைப் பிடித்தார்.

"வர்றதுக்கு முன்னாடியே சொல்லு," என்றார், என் பக்கம் திரும்பாமல்.

எதிரே ஏறி வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். கடைசிப் படி வரை ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொன்னேன்.