நாளைக்குச் சம்பளம்

"மேசைய விடுங்க, நானே எடுக்கிறேன்" என்று நிக்கலஸ் ஓடிவந்து கொம்பியூட்டர் மேசையின் முனையைப் பிடித்துக்கொண்டான். சவப்பெட்டி கொண்டுவந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி செத்த வீட்டில் மனுசன் ஒரு மேசைக்கு இப்படிப் பதறுவதை அவர்கள் கண்டதில்லை. ஆனால் கொட்டாஞ்சேனையில் அந்த வீட்டு ஹோல் அவ்வளவுதான். ஒன்று மேபலின் பெட்டி இருக்கலாம், இல்லாவிட்டால் மேபலின் மேசை இருக்கலாம். அவன் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கொம்பியூட்டர்ப் பெட்டியைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு பின்னறைக்குப் போய், அங்கே எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி வைத்தான்.

விடியப்புறம் அவளுடைய மூச்சு நின்றிருந்தது. மன்னாரில் இருக்கும் அவளுடைய தம்பிக்குச் செய்தி போய்விட்டது. சண்டைக் காலத்தில் பயணம் பண்ண ஆமியின் பாஸ் கிடைக்காது, வரமாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும்.

மேபல் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பனியில் புரோகிராம் எழுதினவள். அங்கே சம்பளக் கணக்கெல்லாம் கோபொல் என்ற மொழியில்தான் ஓடியது. நரம்பு நோய் வந்து கையிரண்டும் விழுந்து, பிறகு குரலும் போய், இடது கையில் ஒரு விரல் மட்டும் மிச்சமிருந்தபோது நிக்கலஸ் போய் அவளுடைய மனேஜர் யோகநாதனிடம் கெஞ்சினான். வேலையை வீட்டுக்கு அனுப்புங்கள், அது இல்லாவிட்டால் இவள் நோய்க்கு முன்னாலேயே செத்துப்போவாள் என்றான். யோகநாதன் சரி என்றார். அந்தச் சரிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதுதான் பிறகு நிக்கலஸைத் தின்றது.

ஏனென்றால் அவனுடைய அக்கா யோசெப்பினுக்கு வாய் சும்மா இராது. "பாவம் பாத்துக் குடுக்கிறாங்கடா. ஒரு விரலால எழுதினத வச்சு கம்பனி நடத்துவாங்களா?" என்று ஒரு நாள் குசினியில் அடுப்படியில் நின்று சொன்னாள். மேபலுக்குக் கேட்காமல்தான் சொன்னாள், அதுவரைக்கும் புண்ணியம். ஆனால் நிக்கலஸின் நெஞ்சில் அது மீன்முள் மாதிரிக் குத்தி நின்றுவிட்டது.

கோபொல் இருக்கிறதே, அது வாயாடி மொழி. ஒரு கூட்டல் கணக்கைச் சொல்ல ஒரு வசனம் எழுத வேண்டும். ஒரு விரல்காரிக்கு அது கட்டுமா? வீட்டுக் கொம்பியூட்டரில் புரோகிராம் தட்டுகிற எடிற்றருக்கோ கோபொல் என்றால் என்னவென்றே தெரியாது. எதைத் தட்டினாலும் ஒரே வெள்ளை எழுத்தாகக் காட்டும். துறைமுகத்தில் வார்ஃப் கிளார்க்கான நிக்கலஸ், கொம்பியூட்டரைத் துணியால் துடைத்ததைத் தவிர வேறு தெரியாதவன், அதற்குக் கோபொல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தான். எடிற்றரோடு வந்த புத்தகத்தைப் பார்த்து அவன் ஒன்றைச் செய்து காட்ட, மேபல் கண்ணைச் சிமிட்டினால் சரி, மூடினால் பிழை. இரண்டெழுத்தைத் தட்டினால் முழுச் சொல்லும் வந்து விழுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டான். கோபொலின் சொற்கள் பச்சையாகவும் அவள் வைத்த பெயர்கள் மஞ்சளாகவும் தெரியப் பண்ணினான்.

பெரிய பிழையும் விட்டான். திரையில் எண்பது எழுத்துக்கு இடம் இருந்ததால் வரியின் எல்லையை எண்பது என்று வைத்தான். கோபொல் எழுபத்திரண்டாம் எழுத்துக்கு அப்பால் இருப்பதைக் கண்ணெடுத்தும் பாராது. வீட்டிலேயே ஓட்டிப் பார்த்த அந்த மாதச் சோதனைக் கணக்கில் கிரேன்காரர்களுக்கெல்லாம் சம்பளம் வாலறுந்து வந்தது. மேபல் சத்தம் வராமல் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அவன்தான் துடைத்துவிட்டான். அதன் பிறகு எல்லையைத் தாண்டினால் எழுத்து சிவக்கும்படி மாற்றினான். அந்தச் சிரிப்பைத் தந்ததற்காகவே அந்தப் பிழைக்கு அவன் நன்றியுள்ளவனாயிருந்தான்.

ஆனாலும் அந்த முள். அவள் இத்தனை பாடுபட்டு எழுதியதை யாராவது ஓடவிட்டார்களா, இல்லை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்களா? யோகநாதனிடம் கேட்க அவனுக்குத் தைரியமில்லை. கேட்டாலும் என்ன, நல்ல மனுசன் பொய்தான் சொல்லுவான்.

பின்னேரம் யோகநாதன் வந்தார். வெள்ளவத்தையிலிருந்து வர வழியெல்லாம் செக்பொயின்ற். கழுத்துப்பட்டை வேர்வையில் ஊறியிருந்தது. பெட்டியடியில் நின்றார், தலை குனிந்தார், போய்க் கதிரையில் இருந்தார். எழும்பினார், திரும்ப இருந்தார். செபமாலை முடியும் வரை காலை ஆட்டிக்கொண்டே இருந்தவர், முடிந்ததும் நிக்கலஸின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"நிக்கலஸ், இந்த நேரத்தில கேக்கக் கூடாது. எனக்குத் தெரியும்." அவருடைய முகம் செத்துப்போயிருந்தது. "அந்த ஓவர்டைம் திருத்தம் முடிச்சிட்டாவோ? நாளைக்குச் சம்பளம். அவவின்ர புரோகிராம் இல்லாட்டி எங்களுக்கு ஒண்டும் ஓடாது. ஆக்கள் இப்பவே கம்பனி கேற்றில வந்து நிக்கினம்."

மெல்லத்தான் சொன்னார். ஆனால் யோசெப்பினின் காதுக்கு எது தப்பும்? செத்த வீட்டில் வந்து வேலை கேட்கிற சாதியை இன்றைக்குத்தான் காண்கிறேன், வெட்கம் மானம் இல்லையா என்று தொடங்கினாள். ஹோலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யோகநாதன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, சும்மா இருங்க" என்றான் நிக்கலஸ்.

அந்த மனுசனுடைய காலில் விழலாம் போல அவனுக்கு இருந்தது. ஆறுதல் சொல்ல வந்த அத்தனை பேரும் சொல்லாத ஒன்றை, மேபலின் வேலை இல்லாமல் அங்கே ஒன்றும் ஓடாது என்பதை, இவர் சொல்லிவிட்டார். பொய் சொல்லுகிறவன் இப்படி வெட்கப்படமாட்டான். மேபல் நேற்றுப் பின்னேரமே முடித்துவிட்டாள், ஒரு வரியும் சிவக்கவில்லை என்று அவரிடம் சொன்னான். யோகநாதன் மூச்சை விட்டார். பிறகு இன்னும் கூசிக்கொண்டு, அந்த எடிற்றரையும் கொப்பி பண்ணித் தர முடியுமா என்று கேட்டார். ஒஃபிசில் பொடியன்கள் வெள்ளை எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருக்கிறார்களாம்.

பின்னறையில் கொம்பியூட்டர் இரண்டையும் ஒரு டிஸ்கெற்றில் முனகி முனகி எழுதி முடித்தது. நிக்கலஸ் அதைக் கொண்டுவந்து யோகநாதனின் கையில் வைத்து, அவரைத் தன் பக்கத்துக் கதிரையில் இருத்தினான். தேத்தண்ணி குடிக்காமல் போகக் கூடாது என்றான். பிறகு பெட்டியடியில் போய் முழங்காலில் நின்று, மேபலின் காதருகே குனிந்தான்.

"ஒஃபிசில இருந்து ஆள் வந்திருக்கு" என்றான். "அவசரமாம். நான் குடுத்திட்டேன்."