தொட்டி நிரம்பவில்லை

சென்னையில் பயிற்சி முடித்துத் திரும்பியதிலிருந்து செயற்பொறியாளர் சந்திரசேகர் உவமையிலேயே பேசினார். டெலானிபூர் மேட்டிலிருந்த அந்தக் குடிநீர் அலுவலகம் அதைச் சகித்துக்கொண்டது. இன்று ஓர் உவமை இளநிலைப் பொறியாளர் ஷோபனாவிடம் வந்து நின்றது.

"ஆபீஸ் ஒரு தொட்டி, மேடம். அனுபவம்தான் தண்ணி. உங்ககிட்ட இருந்ததை கம்ப்யூட்டர்ல ஊத்தியாச்சு. இனி நீங்க கார் நிக்கோபார் தீவுக்கு மாத்தலாகிப் போகலாம். இங்க முருகானந்தம் பாத்துக்குவார். கையெழுத்துப் போடுங்க."

'அறிவு முழுமையாக ஒப்படைக்கப்பட்டது' என்றது அவர் நீட்டிய தாள்.

கோடையில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதிக்கு முதலில் தண்ணீர் விடுவதா, டெலானிபூருக்கா என்று ஷோபனாவும் மேற்பார்வையாளர் முருகானந்தமும் காலைதோறும் சண்டை போடுவார்கள். முருகானந்தம் தெருவில் வாங்கிய வசவுகளோடு வருவார். ஷோபனா பம்பின் நிலவரத்தோடு. இருவருமே நினைத்திராத ஒரு முடிவு கடைசியில் பிறக்கும்.

"ஊத்தினா இங்க குறையணுமே சார்? எனக்கு ஒண்ணும் குறையலையே," என்றார் ஷோபனா.

"சரி, மரம்னு வெச்சுக்குங்க. வேர்..."

"மரத்தைப் பிடுங்கித்தான் கார் நிக்கோபார்ல நடப்போறீங்களா?"

பக்கத்தில் நின்ற முருகானந்தம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். "அரே மேடம், அப்ப நான் யாரு? நீங்க நிரப்பி வெச்சிட்டுப் போற குடமா?"

"அதத்தான் சொல்றேன். கம்ப்யூட்டர்ல முடிவு மட்டும் இருக்கு. நீங்க என்னைத் திட்டினது அதுல இல்லை. நாளைக்கு யாரோட சண்டை போடுவீங்க?"

"உவமையை ரொம்ப நோண்டாதீங்க," என்றார் சந்திரசேகர். "புரிய வைக்கத்தான் அது."

"புரிய வைக்கிறதோட நிறுத்தியிருந்தா நானும் தலையாட்டியிருப்பேன். நீங்க அதை வெச்சு ஆளை மாத்துறீங்க."

"கையெழுத்துப் போடலன்னா, கீழ்ப்படியலன்னு எழுதி அனுப்புவேன். போஸ்டிங் மாறாது. ஃபைல்ல கறைதான் மிஞ்சும்."

ஷோபனாவின் மகள் பத்தாம் வகுப்பு. கணவருக்கு வேலை இங்கேதான். ஷோபனா தாளைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினார். பிறகு பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"அப்படியே எழுதுங்க சார். கீழ்ப்படியலங்கிறது நிஜம். தொட்டி நிரம்பிடுச்சுன்னு மட்டும் என் பேர்ல எழுதாதீங்க."

சந்திரசேகர் எழுதினார். மாற்றல் உத்தரவும் வந்தது.

கப்பல் புறப்படும் நாள்வரை காலைச் சண்டை நடந்தது, முன்னைவிடச் சத்தமாக. அது காதில் விழும்படி செயற்பொறியாளரே தம் அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார்.